காயாத இரண்டு மாதிரிகள்

மழைக்காட்டு ஆய்வு நிலையத்தில் எதுவும் லேசில் காயாது. துணி காயாது, துண்டு காயாது, கோபம்கூட நாலு நாள் ஈரமாகவே கிடக்கும். காய்வதற்கு இருந்த ஒரே இடம் ஆய்வுக்கூடத்து உலர்பெட்டிதான். அதில் ஆய்வு மாதிரி தவிர வேறெதையும் வைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார் நிலையத் தலைவர்.

காட்டில் உதிரும் இலைகளைப் பொறுக்கி, காயவைத்து, எடைபோடுவது அங்கிருந்த இளம் ஆய்வாளர் ஒருத்தியின் ஆராய்ச்சி. அதனால் இருபத்தாறு வயதிலேயே எல்லோருக்கும் 'இலையம்மா' ஆகிவிட்டாள். பெட்டியில் இருக்கும் இலைக்கு நாளுக்கு நாள் எடை குறைய வேண்டும். இந்த மாதம் மூன்று முறை ஏறிவிட்டது.

"ஒரு தராசப் பாக்கத் தெரியலன்னா எப்படிம்மா?" என்று தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எடை சரியாகாவிட்டால் தங்கும் காலம் நீட்டிக்கப்படாது. ஒன்றரை வருட உழைப்பை அப்படியே போட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதைவிட, தன் கை மேலேயே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"விடு இலையம்மா," என்றார் தவளை ஆராய்ச்சிக்காரர். "என் தவளைங்க ஒரு தடவை எண்ணினா பன்னெண்டு, திருப்பி எண்ணினா பதினொண்ணு. அதுக்காக நான் சாப்பிடாமயா இருக்கேன்?"

வியாழன் காலை அவள் பெட்டியைத் திறந்து இலை போட்ட காகித உறைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். முப்பது இருக்க வேண்டும், முப்பத்திரண்டு இருந்தன. அடித்தட்டின் மூலையிலிருந்த இரண்டு உறைகள் சொதசொதவென்று இருந்தன. தேதி, நேரம், சேகரித்தவர் கையெழுத்து எல்லாம் முறைப்படி எழுதியிருந்தது. ஒன்றில் 'மாதிரி 1, இடது'. மற்றதில் 'மாதிரி 2, வலது'. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு காலுறை. கையெழுத்து தலைவருடையது. முப்பது வருடப் பழக்கம். திருட்டுத்தனமாக வைத்தாலும் சீட்டு எழுதாமல் வைக்க மனுஷருக்குக் கை வரவில்லை. அந்த ஈரமெல்லாம் போய் ஏறியது அவளுடைய இலையில்.

உறைகளோடு நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனாள். இரண்டையும் தலைவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், உங்க மாதிரி ரெண்டும் இன்னும் காயல."

தவளைக்காரர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். மேசையே குலுங்கிச் சிரித்தது. தலைவரின் காது மடல் சிவந்துபோயிற்று.

"எத்தனை தடவைம்மா எடை ஏறிச்சு?"

"மூணு, சார்."

"நான் வச்சதும் மூணு தடவைதான்." தட்டைத் தள்ளிவைத்தார். "நீட்டிப்புப் படிவத்த எடுத்துட்டு வா."

கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டு, 'காரணம்' என்ற கட்டத்தில் நிதானமாக எழுதி, படிவத்தை நீட்டினார். சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வர அவள் படித்தாள்: 'தலைவரின் காலுறை. ஆய்வாளர் கையில் தவறில்லை.'