ஒன்றாம் நம்பரில் ஒரு சத்தம்

சம்பந்தியம்மாவின் கார் மூன்றாவது தடவையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டீயைக் குடிக்காமலேயே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார். மகளைக் கொடுத்த இடம். அங்கிருந்து வருகிற காரை ஒழுங்காக முடித்துக் கொடுக்காவிட்டால் விஷயம் பட்டறையோடு நிற்காது, உறவு முழுக்கச் சுற்றி வரும்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கார்களின் மின்சார வேலை மட்டும் செய்கிறவர். ஓடும் மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தத் தெருவில் அவருக்கு ஸ்டெதஸ்கோப் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

சம்பந்தியம்மா நர்ஸ். படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது அவர் வேலை. இருட்டுப் பிரியும் நேரத்தில் கிளம்பினால்தான் ஏழு வீடு முடியும். கார் இருபத்திரண்டு வருஷம் பழையது. என்ஜின் இன்னும் கல் மாதிரி இருந்தது. ஆனால் பனிக்காலம் தொடங்கியதும் அதன் ப்ளோயர், உள்ளே காற்று ஊதும் ஃபேன், மக்கர் செய்ய ஆரம்பித்தது.

முதல் தடவை வந்தபோது, "சம்பந்தி, ஃபேன் நாலாம் நம்பர்ல மட்டும்தான் ஓடுது. ஒண்ணு, ரெண்டு, மூணு எதுலயும் மூச்சே இல்ல. ஹீட்டர் போட்டாலும் அப்படித்தான், ஏசி போட்டாலும் அப்படித்தான். ஓடினா புயல், இல்லன்னா ஒண்ணுமே இல்ல" என்றார்.

கேட்டவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. ரெசிஸ்டர். ப்ளோயர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து வேகத்தை அடக்குகிற சின்ன உறுப்பு அது. நாலாம் நம்பரில் மின்சாரம் அதைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போய்விடும். மற்ற மூன்றும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அது எரிந்துபோனால் நாலாம் நம்பர் மட்டும் மிஞ்சும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார்.

"இன்னொண்ணு சம்பந்தி. இது எரியறதுக்கு முன்னாடி, ஒண்ணாம் நம்பர்ல வெச்சா கீச்சுனு ஒரு சத்தம் வந்துச்சு. சுண்டெலி பொறியில மாட்டின மாதிரி."

அவர் ஒன்றாம் நம்பரில் வைத்தார். ஸ்க்ரூடிரைவரை மோட்டாரின் முதுகில் ஊன்றிக் காதைக் கொடுத்தார். மெல்லிய உறுமல், அவ்வளவுதான்.

"சுத்தமா இருக்கு சம்பந்தியம்மா. பழைய வண்டி, அங்கங்க பிளாஸ்டிக் உரசும். பயப்படாம ஓட்டுங்க."

இரண்டு வாரத்தில் ரெசிஸ்டர் மறுபடியும் எரிந்தது. கடைக்காரன் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டான் என்று திட்டிவிட்டு, உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். சம்பந்தியம்மா சுண்டெலியைப் பற்றி மறுபடி சொன்னார். இவர் மறுபடி காதைக் கொடுத்தார். மறுபடி சுத்தம்.

அது ஒன்பது நாள் ஓடியது.

இப்போது அந்த அம்மாள் காரிலிருந்து இறங்கியபோது கையில் ஒரு ஈரத் துண்டு இருந்தது. "நாலாம் நம்பர் புயல் தாங்கல, அணைச்சா கண்ணாடியில பனி மூடிக்குது. இடது கையால தொடைச்சிக்கிட்டே ஓட்டிட்டு வர்றேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எலக்ட்ரீஷியனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஒரு தடவ போனா பார்ட் மேல தப்பு. மூணு தடவ போனா என் மேலதான் தப்பு. இன்னிக்கு வேற காரு எதுவும் தொடமாட்டேன், உக்காருங்க" என்றார்.

பின்னாலேயே வீடு. அவருடைய மனைவி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தானும் வாசற்படியில் நின்றுகொண்டாள்.

இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. எரிந்த ரெசிஸ்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். ப்ளக்கின் ஒரு முனை பழுப்பேறி உருகியிருந்தது. தாங்குகிற அளவுக்கு மேல் மின்சாரம் போயிருக்கிறது. காற்று ஓட்டம் இல்லாவிட்டால் ரெசிஸ்டர் சூடேறிச் சாகும் என்பதால் முதலில் ஃபில்டரை உருவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. காற்று உள்ளே வரும் வழியில் இலை, குப்பை ஏதாவது அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவும் இல்லை. எர்த் ஒயரைச் சுரண்டிச் சோதித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு புது ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, மோட்டாருக்குப் போகும் ஒயரின் நடுவில் ஆம்மீட்டரைக் கோத்தார். ஒன்றாம் நம்பரில் நாலு ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். முள் ஏழைத் தொட்டு நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. திணறுவதால் அதிக மின்சாரம் இழுக்கிறது. அந்தச் சுமை தாங்காமல் ரெசிஸ்டர் எரிகிறது. இரண்டு தடவையும் செத்ததை மாற்றினாரே தவிர, கொன்றது எது என்று பார்க்கவே இல்லை.

மூன்று திருகாணிகளைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்தார். அதன் சக்கரத்தை விரலால் சுண்டினார். நல்ல மோட்டார் என்றால் நாலைந்து சுற்றாவது தானாக ஓடும். இது அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பின்பக்கத்து புஷ், அச்சு சுழலும் அந்த வெண்கல வளையம், எண்ணெய் வற்றி, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

வறண்ட உலோகத்தில் உலோகம் உரசுகிறது. அது சத்தம் போடாமல் இருக்கவே முடியாது. முப்பத்தைந்து வருஷத்து அனுபவத்தில், இப்படி வறண்டும் சத்தம் போடாத ஒரு மோட்டாரை அவர் பார்த்ததில்லை.

மோட்டாரை மேஜைமேல் வைத்தார். மெதுவாகச் சுற்றுவதற்காக நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோத்து, பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்தார். பல்பு மங்கலாக எரிந்தது, மோட்டார் சோம்பலாகச் சுற்றியது. குனிந்தபடியே கேட்டார்.

"சம்பந்தியம்மா, நீங்க சொன்ன சத்தம் இப்ப வருதா?"

பிறகு நிமிர்ந்தார். சம்பந்தியம்மா அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் இணைப்பைப் பிடுங்கினார். மனைவி கையை எடுத்தாள். மறுபடி கொடுத்தார். மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"உனக்குக் கேக்குதா?"

"பல்லு கூசுதுங்க" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"எனக்குக் கேக்கல" என்றார் அவர்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து மோட்டார்மேல் வைத்துக் காதோடு அழுத்தினார். வலது காது. பிறகு இடது. அதே மெல்லிய உறுமல். விரல் நுனியை மோட்டாரில் வைத்தபோது தோலுக்கு அடியில் பொடிப்பொடியாக அதிர்ந்தது. விரலுக்குத் தெரிந்தது காதுக்கு எட்டவில்லை.

சம்பந்தியம்மா எழுந்து வந்து பல்பின் ஒயரைத் தானே கழற்றினார். "போன தடவையே எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு. சம்பந்தி ஆச்சே, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதும்தான்" என்றார். "கீச்சுனு மெல்லிசா வர்ற சத்தம்தான் மொதல்ல போகும். பேச்செல்லாம் கேக்கும், அதனால போனதே தெரியாது. ஹாரனும் கிரைண்டரும் கேட்டுக் கேட்டுத் தேஞ்ச காது."

"எத்தன நாளா?"

அவர் கேட்டது நர்ஸிடம். பதில் சொன்னது மனைவி. "ரெண்டு வருஷமா இருக்கும். குக்கர் விசில் அடிக்கும், பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க. நான்தான் ஓடி வருவேன்."

"ஏன் சொல்லல?"

"ஊரே உங்கள ஸ்டெதஸ்கோப்புங்குது. நான் எந்த வாயால சொல்றது?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பயம். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேரிடம் "சுத்தமா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்? ஒவ்வொன்றாக யோசித்தார். பெரும்பாலானவை சுவிட்சு, ஒயர், பல்பு. சத்தம் என்று வந்தவை குறைவு. ஆனால் போன மாதம் பால்காரரின் வேன் வந்தது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து விசில் மாதிரி வருகிறது என்றார் பால்காரர். இவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்று தோளில் தட்டி அனுப்பினார். அதன் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். மலைச்சரிவில் இறங்குகிற வண்டி அது.

"முதல்ல இத முடிப்போம்" என்றார்.

இந்தக் காருக்குப் புது மோட்டார் இப்போது எங்கும் கிடைக்காது. லேத் பட்டறைக்குப் போய் அளவு சொல்லி ஒரு வெண்கல புஷ் கடைந்து வாங்கிவந்தார். எண்ணெயில் ஊறவைத்து, அச்சை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பூட்டி, விரலால் சுண்டினார். எட்டுச் சுற்று ஓடியது. காரில் மாட்டி ஆம்மீட்டரைப் பார்த்தார். மூன்றரை. வேறு சமயமாக இருந்தால் அதோடு வேலை முடிந்தது என்றிருப்பார். இன்று மனைவியைக் கூப்பிட்டுக் காருக்குள் உட்கார வைத்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, எல்லாத்துலயும் வெச்சுப் பாரு. கீச்சுனு ஏதாவது வந்தா சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். இத்தனை வருஷத்தில் பட்டறை வேலைக்கு அவளை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பரீட்சை எழுதுகிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். "காத்துச் சத்தம் மட்டுந்தான் வருது" என்றாள்.

சம்பந்தியம்மா கிளம்புமுன், தெரிந்த காது டாக்டர் ஒருவரின் பெயரையும் நேரத்தையும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். "வியாழக்கிழமை. நான் சொன்னேன்னு சொல்லுங்க. தள்ளிப் போட்டீங்கன்னா உங்க மாப்பிள்ளைய அனுப்பித் தூக்கிட்டுப் போகச் சொல்லுவேன்."

கார் திரும்பிப் போனதும் அவர் பால்காரருக்குப் போன் போட்டார்.

"என்ன ஸ்டெதஸ்கோப், நீங்களா கூப்புடுறீங்க!"

"அந்த விசில் சத்தம் இன்னும் வருதா?"

"வராம? இப்ப நாதஸ்வரமே வாசிக்குது. நீங்கதான் ஒண்ணுமில்லன்னீங்களே, அதான் அப்படியே ஓட்டுறேன்."

"நான் சொன்னது தப்பு. என் காது சரியில்ல. வண்டிய இறக்கத்துல விடாதீங்க. எங்க இருக்கீங்க சொல்லுங்க, நானே வர்றேன்."

பால்காரர் மெதுவாக, "கிடங்குலதாங்க இருக்கேன். வாங்க" என்றார்.

கிடங்கில் நாலு பேர் பார்க்க ஆல்டர்னேட்டரைக் கழற்றினார். பிரித்தபோது பேரிங்கின் குண்டுகள் கூட்டை விட்டு உதிர்ந்து உள்ளங்கையில் உருண்டன. இரண்டு கருகியிருந்தன. பால்காரர் அதையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வைவார் என்று எதிர்பார்த்தார் எலக்ட்ரீஷியன்.

"நாளைக்கு விடியக்காலம் இறக்கத்துல நாப்பது கேன் ஏத்திட்டுப் போறதா இருந்தேன்" என்றார் பால்காரர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு பேரிங் மாட்டி முடிக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

வியாழக்கிழமை காலையில் பட்டறையைத் திறக்காமல் மனைவியோடு போனார். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார், அழுத்தினார், பிறகு நீண்ட நேரம் அழுத்த ஒன்றுமே வரவில்லை. சோதிக்கிற பெண் மட்டும் வெளியே எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவர் பொய்யாக ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

வெளியே வந்ததும் மனைவி எழுந்து நின்றாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"ரெண்டு காதுக்கும் மிஷின் வெக்கணுமாம். வெச்சா மெல்லிசுகூடக் கேக்குமாம்."

"நல்லதாப் போச்சு. இத்தன நாளும் கேக்காததுக்கு ஒரு சாக்கு இருந்துச்சு. இனிமே நான் சொன்னா நீங்க கேட்டுத்தான் ஆகணும்."

அவர் சிரித்துவிட்டார். வரிசையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிஷினுக்கு அளவு எடுக்கிற அறை எது என்று கேட்கப் போனார்.