பிரேக் இல்லாத மவுண்ட்

தெருவே ‘தராசுக்காரர்’ என்று அழைத்த அந்த மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, சந்தேகப்படுவதிலிருந்து ஓய்வு பெறவில்லை. உத்தியோக காலம் முழுக்கக் கடை கடையாக ஏறி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். கல்லின் அடியைக் குடைந்தவன், தட்டுக்குக் கீழே காந்தம் ஒட்டியவன், முள்ளை வளைத்தவன் எல்லாரும் அவரிடம் சிரித்துச் சிரித்துத்தான் பேசியிருக்கிறார்கள். அதனால் யாராவது சிரித்தால் போதும், இந்த ஆள் எதை மறைக்கிறான் என்று அவர் மனம் தட்டுக்கு அடியில் துழாவ ஆரம்பித்துவிடும்.

அவருடைய சம்பந்தியோ சதா சிரிக்கிறவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், அதனால் ‘லிஃப்ட்காரர்’. வானம் பார்க்கிற கிறுக்கு இரண்டு பேருக்கும் உண்டு. அந்தக் கிறுக்கில் பழகி, வீட்டுக்கு வீடு போய் வந்து, இவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மகளும் அவர் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுவிட்டார்கள். இப்போது தராசுக்காரரும் மனைவியும் கீழ் வீட்டில், மகளும் மருமகனும் மாடியில், லிஃப்ட்காரர் அடுத்த தெருவில். மொட்டைமாடியில் இரண்டு சம்பந்திகளுக்கும் பொதுவாக, சக்கரங்கள்மேல் உருண்டு திரும்புகிற ஒரு வட்டக் கூண்டு, அதற்குள் டெலஸ்கோப். கூண்டுப் பூட்டுக்குச் சாவி மூன்று. ஒன்று இவரிடம், ஒன்று சம்பந்தியிடம், மூன்றாவது மகளின் அடுக்களை ஆணியில்.

டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புகிற பழைய மவுண்டில் பல்சக்கரங்கள் தேய்ந்து, படம் எடுத்தால் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்தது. ஆகவே புது மவுண்ட் வாங்கினார்கள். இதில் பல்சக்கரமே கிடையாது. மோட்டார் அச்சைச் சுற்றியே உட்கார்ந்துகொண்டு நேராகத் திருப்பும். பெட்டி வந்து இறங்கியபோது அதன் கனத்தைப் பார்த்து, “இதை ரெண்டு பேர் தூக்கினா மூணாவது ஆளுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்” என்றார் லிஃப்ட்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மனிதர் கெட்டிக்காரர். மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் மாட்டி, மவுண்டின் கீழ்ப்பாதியை அங்குலம் அங்குலமாக ஏற்றினார். தரையிலிருந்து வீட்டுச் சுவரைத் தொடாமல் எழும்பி நிற்கும் கான்கிரீட் தூண். அதன் தலையில் துருத்திய போல்ட்டுகளில் அடித்தட்டு சரியாக வந்து உட்கார்ந்தது. தராசுக்காரர் ரசமட்டம் வைத்து, திருகுகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிச் சமன் செய்தார். பிறகு மேல்பாதி. கோணம் படிக்கிற அளவு வளையத்தில் விரல் பிசுக்கு பட்டால் மோட்டார் தடுமாறும் என்பதால் இருவரும் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டார்கள். வயர்களை அச்சின் நடு ஓட்டை வழியாக இழுத்தார்கள். வழியில் ஆடாதிருக்கப் போட்ட சிவப்பு போல்ட்டுகளைக் கடைசியாகக் கழற்றினார்கள். முதலில் எதிர்எடை, அப்புறம்தான் டெலஸ்கோப் குழாய். முறை மாறினால் குழாய் சரேலென்று சுழன்று தூணில் மோதும்.

எடை நிறுத்துவது மட்டும் தராசுக்காரர் ராஜ்ஜியம். கரண்ட்டை அணைத்துவிட்டு எதிர்எடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். வயர் கட்டியிருந்த பிளாஸ்டிக் வாரின் வால் நீட்டிக்கொண்டிருந்தது கண்ணை உறுத்தியது, அதையும் நறுக்கினார். கடைசியில் குழாயை எந்தக் கோணத்தில் விட்டாலும் விட்ட இடத்தில் நின்றது. மருமகன் கைதட்டினான்.

லிஃப்ட்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு, “லிஃப்ட்டுலயும் இப்ப பல்சக்கரம் இல்லாத மோட்டார் வந்துருச்சு சம்பந்தி. ஆனா கரண்ட்டு போனா பிரேக் பிடிச்சுக்கும். இதுல பிரேக்கே இல்ல. வேலை முடிஞ்சதும் ஒரு கயிறு போட்டுக் கட்டிடுவோமே” என்றார்.

தராசுக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் நிறுத்திய எடைக்குக் கயிறா? மாட்டுக்குத்தான் கயிறு வேண்டும் என்று சொல்லிவிட்டார். மனைவி தைத்துக் கொடுத்த மெழுகுத்துணி உறையைக் குழாய்க்குத் தொளதொளவென்று மாட்டி, கரண்ட்டை அணைத்து, பூட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் பார்வையை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்பது, அதுவரை யாரும் தனியாகத் தொடுவதில்லை என்று பேச்சு. அன்றைக்கென்று பார்த்து வானம் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரைப் பார்த்து விட்டிருந்த குழாய் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரோ தொட்டிருக்கிறார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. குழாயைப் பழையபடி திருப்பி, அச்சில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். அடுத்த காலை கோடு விலகியிருந்தது. அதற்கடுத்த காலையும் விலகியிருந்தது. மேகம் விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சம் விலகுகிறது என்பதும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சேர்ந்து பார்ப்போம் என்று பல்லைக் காட்டிவிட்டு ஒருத்தர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்!

மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். மூலையில் சம்பந்தியின் எண்ணெய்த்துணி கிடந்தது. மாட்டிய அன்றே மறந்து விட்டுப் போனது அது, ஆனால் தராசுக்காரர் கண்ணுக்குத் தடயமாகிவிட்டது. சம்பந்தி காப்பி குடிக்க வந்தபோது கண் சிவந்திருந்தது. கொட்டாவி விட்டார். “நல்லா தூங்கினீங்களா?” என்று கேட்டதற்கு, வயசாச்சே, எங்கே தூக்கம் வருது என்றார். ஆகா என்று நினைத்துக்கொண்டார் இவர்.

மனைவியிடம் சொன்னபோது, வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று அவள் உள்ளே போய்விட்டாள். அதோடு விட்டிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பதுபோல, இரவுச் சாப்பாட்டுக்கு மகளும் மருமகனும் கீழே வந்திருந்தபோது எடுத்துவிட்டார். சாவி இருந்தால் ஆயிற்றா, சொன்ன சொல் என்று ஒன்று வேண்டாமா என்று சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி தொடங்கி, கடைசியில் திருட்டுத்தனம் என்ற வார்த்தையில் போய் நின்றார்.

மருமகன் சாப்பிட்ட கையோடு எழுந்தான். “எங்கப்பாவைத் திருடன்னு சொல்றீங்களா மாமா?” என்றான், அவ்வளவுதான். மாடியில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் மாடியில் பேச்சுக்குரலே இல்லை. மகள் தனியாக வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள், மருமகன் தனியாக வேலைக்குப் போனான். யாருடைய அப்பா சரி என்று புருஷனும் பெண்டாட்டியும் முகம் திருப்பிக்கொண்டது வீட்டுக்கே தெரிந்தது. மகளின் வாழ்க்கையில் கல்லைப் போட்டுவிட்டோமோ என்று தராசுக்காரர் ஒரு கணம் யோசித்தார். ஆனாலும் நியாயம் நியாயம்தானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

விஷயம் காதுக்கு எட்டி லிஃப்ட்காரர் தானாகவே வந்தார். அன்றைக்குச் சிரிப்பு இல்லை. மகன், மருமகள், சம்பந்தியம்மாள் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நான்தான் சம்பந்தி. ஆசைய அடக்க முடியல. தப்புதான், மன்னிச்சுக்குங்க.”

என்னத்தைப் பார்த்தீர்கள் என்று தராசுக்காரர் விடாமல் கேட்டார். நிலாவைப் பார்த்தேன் என்றார் அவர். தராசுக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அமாவாசையை ஒட்டிய நாளில் எந்த நிலாவாம்? பிடிபட்ட பிறகும் ஒரு பொய். கடைக்காரர்களும் இப்படித்தான், கல்லை ஒத்துக்கொள்வார்கள், முள்ளை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போனால் போகிறது, சம்பந்தி ஆயிற்றே என்று பெரிய மனசு பண்ணி மன்னித்தார். மாடியில் மறுபடி பேச்சுக்குரல் கேட்டது. மருமகன் மட்டும் தன் அப்பாவைப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

அந்த வார இறுதியில் சம்பந்தி வீட்டாரும் இளசுகளும் ஒரே காரில் வெளியூர் கிளம்பினார்கள். மகள் புறப்படுமுன் ஆணியிலிருந்த சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தாள். “இதையும் நீங்களே வச்சுக்குங்கப்பா” என்றாள். குரலில் ஊசி இருந்தது. மூன்று சாவியும் தராசுக்காரரின் சட்டைப்பையில் சேர்ந்தன. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் போய்க் கதவைத் திறந்தால் குழாய் திரும்பியிருந்தது.

சட்டைப்பையைத் தடவினார். மூன்றும் இருந்தன. அப்படியானால் நாலாவது சாவி ஒன்று இருக்கிறது. யார் செய்தது? கொடுப்பதற்கு முன் மகளே ஒரு நகல் எடுத்துப் புருஷனிடமோ மாமனாரிடமோ கொடுத்திருப்பாளோ? அதனால்தான் அவ்வளவு வீறாப்பாகக் கொண்டுவந்து கொடுத்தாளோ? கிளம்பின கார் உண்மையிலேயே ஊரைத் தாண்டியதோ இல்லையோ? நின்ற நிலையிலேயே இவ்வளவும் யோசித்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று உள்ளேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

யாரும் வரவில்லை. வெயில் ஏறி மொட்டைமாடி சுட ஆரம்பித்தது. கூண்டு உருளுகிற சக்கரங்களுக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்தது. மெழுகுத்துணி உறை மெல்ல உப்பியது. குழாய் நகர்ந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை, யாரோ கையால் பிடித்துத் திருப்புவது போலக் கதவுப் பக்கம் வந்து, அவருக்கு எதிரே நின்றது.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். புரிய நேரம் ஆகவில்லை. கடைத் தராசை ஊதினால் முள் ஆடிவிட்டு நடுவுக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பும்படிதான் அதைச் செய்திருப்பார்கள். இதற்குத் திரும்புகிற புத்தி கிடையாது, தள்ளிய இடத்தில் நின்றுவிடும். பிடித்து நிறுத்தப் பல்சக்கரமும் இல்லை, பிரேக்கும் இல்லை. எடை கொஞ்சம் கோணலாக இருந்திருந்தால்கூட ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்திருக்கும். அவர் அவ்வளவு ஒழுங்காக நிறுத்தியதால்தான் காற்று விரலை நீட்டினாலும் திரும்பியது. ஆயுசு முழுக்கத் தராசோடு வாழ்ந்தவர் அதைத் தராசு என்றே நினைத்துவிட்டார்.

அப்படியானால் சம்பந்தி வரவேயில்லை. வராத மனிதர் ஏன் வந்தேன் என்றார்? பெற்ற மகன் எதிரில், மருமகள் எதிரில் தலை குனிந்து நின்றாரே. தராசுக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. மவுண்டைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கினார். மனைவியிடம்கூடச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கார் திரும்பி வந்த அன்று சாயங்காலம் அடுத்த தெருவுக்கு நடந்தார். லிஃப்ட்காரர் வராந்தாவில் ஒரு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்க சம்பந்தி என்று ஸ்டூலைத் தள்ளினார். தராசுக்காரர் உட்காரவில்லை. காற்றில் குழாய் நகர்ந்ததை, கண்ணால் கண்டதை, அப்படியே சொன்னார். சாவியை எடுத்து நீட்டினார். லிஃப்ட்காரர் அதை வாங்காமல் விசிறி இறக்கையைத் துடைத்தார்.

“நீங்க மாடிக்கு வரவே இல்ல.”

“வரல.”

“அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க? காத்துதான்னு சொல்லியிருக்கலாமே.”

“காத்துன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனா ஒண்ணு தெரியும். சாவி மூணு. நான் இல்லன்னா அடுத்து என் பையன். அவனும் இல்லன்னா உங்க பொண்ணு. நீங்க நடுவுல நிறுத்துற ஆளு இல்ல சம்பந்தி. எங்கயாவது ஒரு இடத்துல நிக்கணும்ல, அது என்கிட்டயே நிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

பெற்ற பெண்ணைப் போய் நான் சந்தேகப்படுவேனா என்று கேட்கத் தராசுக்காரர் வாயைத் திறந்தார். நாலாவது சாவியைப் பற்றி யோசித்தது ஞாபகம் வந்தது. நீட்டிய சாவியை ஸ்டூலின்மேல் வைத்தார்.

“அவளையும் சந்தேகப்பட்டுட்டேன்” என்றார்.

லிஃப்ட்காரர் துணியைக் கீழே வைத்தார். பிறகு, “அவகிட்ட இதைச் சொல்லிடாதீங்க” என்றார்.