நூறு அடித்தால் ஒரு தட்டு சில்லி

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. போன வாரம் லமார் டாலிவர் தொலைபேசியில் கேட்டான், எழுதுகிறேன். இளமையில் நாங்கள் இருவரும் டேட்டன் நகரத்து ஹெரான்ஸ் அணியில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர்கள். ஆடியவர்கள் என்பது கொஞ்சம் அதிகம். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"டேய், கதை கிதை எழுதுறியாமே?"

"ஏதோ கிறுக்குறேன்."

"அப்போ அந்த ஆட்டத்த எழுது. இருபத்திரண்டு பாயின்ட் முன்னாடி இருந்தோமேடா! எழுத்துலயாவது என்னைய ஜெயிக்க வை."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு என்ன செலவு?

2

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மார்ச் மாலையில், விதி தன்—'

வேண்டாம். விதிக்குக் கூடைப்பந்து தெரியாது.

இரண்டாம் தொடக்கம்: 'பெரிய முன்னிலையில் இருக்கும் அணி ஏன் தோற்கிறது என்றால்—'

இது கட்டுரை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி, கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வோம். முன்னால் இருப்பவன் கடிகாரத்தைப் பார்த்து ஆடுகிறான். பின்னால் இருப்பவன் பந்தைப் பார்த்து ஆடுகிறான். முன்னால் இருக்கும் அணியின் நல்ல ஆட்டக்காரர்கள் முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு, எங்கே சாப்பிடப் போகலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் இருப்பவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்து பார்ப்பான். இரண்டு விழுந்துவிட்டால் போதும், மூன்றாவதும் விழும் என்று எதிரிகூட நம்பிவிடுவான்.

(எழுதுகிறவன் கதியும் இதுதான். தொடக்கம் நன்றாக அமைந்துவிட்டால் நடுவில் காலை நீட்டிவிடுவான். நான் இப்போது நீட்டிக்கொண்டிருக்கிறேன்.)

ஆனால் நாங்கள் தோற்றதற்கு இதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சில்லி.

3

கோஸ்டா என்ற கிரேக்கர் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஸ்பகெட்டிமேல் பட்டை வாசனையோடு கொத்துக்கறிக் குழம்பை ஊற்றி, சீஸைக் குவித்துத் தருவார். அதுதான் சில்லி. ஹெரான்ஸ் சொந்த ஊர் ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்தால், மறுநாள் டிக்கெட்டைக் காட்டுகிற எல்லோருக்கும் ஒரு தட்டு இலவசம். ஜெயிக்க வேண்டும் என்று விதியில்லை. நூறு வந்தால் போதும்.

அன்று கடைசிக் கால் பகுதியில் நாங்கள் 96–74 என்று முன்னிலை. கோச் ஹெஸ்லர் முதல் ஐவரை உட்கார வைத்துவிட்டு பெஞ்சுக்காரர்களை இறக்கினார். லமாரின் தற்காலிக ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. அவன் தோளைப் பிடித்துச் சொன்னார்: "முன்னிலையக் காப்பாத்து. சீசன் முடியுறவரைக்கும் நீ இங்கதான். கோட்ட விட்டியோ, பஸ் ஏறு."

அரங்கம் ஆரம்பித்தது. "சில்லி! சில்லி!"

எங்கள் ஆட்கள் பைத்தியமானார்கள். நூறாவது புள்ளியை யார் போடுவது என்பதே போட்டி. பந்து கைக்கு வந்ததும் எறிந்தார்கள், தவறியது. எதிரணி எடுத்து ஓடியது. ஒரே ஒரு பந்து கூடையில் விழுந்து 98 ஆனது. அங்கேயே நின்றது. எதிரணி நிற்கவில்லை. கோச் பதறி முதல் ஐவரில் நால்வரை மறுபடி இறக்கினார். கால்கள் இறுகிப்போயிருந்தன. லமாரை மட்டும் வெளியே எடுக்கவில்லை. அவன் ஒருவன்தான் எறியாமல் பந்தைக் கட்டிக்காத்துக்கொண்டிருந்தான்.

"ஏய் நெட்டை! போடுடா, வயிறு காயுது!" என்று ஒருவர் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

98–97. சில விநாடிகளே பாக்கி. பந்து லமாரிடம். தட்டிக்கொண்டே ஓடினாலே மணி அடித்துவிடும்.

எறிந்தான். விழுந்தது. நூறு!

கூரை பிய்ந்துகொண்டு போனது. எங்கள் ஆட்கள் லமாரைக் கட்டிப்பிடித்தார்கள். எதிரணி அதற்குள் பந்தை நீளமாக வீசியது, மூன்று புள்ளி. தடுக்க ஓடிய எங்கள் ஆள் ஒருவன் மோதியும்விட்டான், அதற்குத் தண்டனை எறியில் இன்னொன்று. 101–100, அவர்களுக்கு.

4

மாற்று முடிவு அ: லமார் எறியவில்லை. மணி அடிக்கிறது. ஒப்பந்தம்.

எழுதிவிட்டேன். அவன் கேட்டது இதுதான். பிறகு ஆட்டத்துக்கு மறுநாள் மதியம் நடந்தது ஞாபகம் வந்து தொலைத்தது.

கோஸ்டா கடை வாசலில் தெருமுனை வரை வரிசை. பையோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த லமாரை நான்தான் உள்ளே இழுத்துப்போனேன். திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்திருந்தான். கோஸ்டாவின் மனைவி ஸ்டாவ்ரூலா அவன் முகத்தைப் பார்த்தார்.

"நூறாவது பாயின்ட் உன்னுதுதானே? உக்காரு தம்பி. உனக்கு ரெண்டு தட்டு."

"தோத்தா என்னய்யா, சோறு போட்டியே!" என்றது வரிசை. தட்டின்மேல் வெங்காயத்தைத் தூவிக்கொண்டே அந்த அம்மாள் சிரிக்க, லமாரும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறை அந்தப் பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். அதற்குப் பிறகு அவன் சம்பளத்துக்கு ஆடவேயில்லை. ஆக்ரனில் பஸ் ஓட்டினான்.

5

நேற்று அவனைக் கூப்பிட்டேன்.

"லமார், நீ எறியலன்னா ஜெயிச்சுடுவோம். ஆனா தொண்ணூத்தெட்டுலயே நின்னுடும். சில்லி கிடையாது."



"அந்தம்மா வெங்காயம் தூவுச்சே, அதுவும் கிடையாதா?"

"கிடையாது."

"இருடா, யோசிச்சுச் சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. அதனால் மாற்று முடிவு அ-வைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். மாற்று முடிவு ஆ என்று எழுதி, அதற்கு மேல்—

98–97. பந்து லமாரின் கையில். கோச் ஒன்றைக் கத்துகிறார், ஊர் இன்னொன்றைக் கத்துகிறது. நான் பெஞ்சில் இருப்பவன். என் பேச்சு எடுபடாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உங்கள் கையிலும் டிக்கெட் இருக்கிறது. அவன் இந்தப் பக்கம்தான் பார்க்கிறான். கத்துங்கள்.