மனசு வெச்சா முடியும்

கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியான மாத்திரையை எடுத்துவிடுவார் என்று மருந்துக்கடைக்காரருக்குப் பெயர். வந்தவர் இருமினால் போதும், கை தானாக மூன்றாவது தட்டுக்குப் போய்விடும். அந்தக் கைதான் அவர் குடியைக் கெடுத்தது.

மனைவிக்கு இரண்டு வருடமாக நோய். மதியத்துக்கு மேல் இமைகள் தொங்கிப்போகும். தலைவாரச் சீப்பைத் தூக்கினால் கை பாதியில் விழும். "எல்லாம் சோம்பேறித்தனம். மனசு வெச்சா முடியும்" என்று எட்டு மாதம் அவளைக் கரித்துக் கொட்டினார். நரம்பு டாக்டர்தான் அவர் வாயை அடைத்தார்.

"மனசு உத்தரவு போடுது. நரம்பும் அதைக் கொண்டு போய்ச் சேர்க்குது. தசையோட வாசல்லதான் தகராறு. இவங்க உடம்பே அதை அடைச்சு வெச்சிருக்கு. இவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அவளுக்குக் கொடுக்கவே கூடாத மருந்துகளின் பட்டியலையும் தந்தார். கடைக்காரர் அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். மூச்சுத் தசையும் தளர்கிறதா என்று பார்க்க, தினமும் சாயங்காலம் அவளை ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். முப்பது வந்தால் நிம்மதி. பதினைந்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி.

"வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆக்கிட்டீங்களே என்னை" என்று சிரிப்பாள். உதடு மேலே ஏறாமல் சிரிப்பு சீறல் போலத் தெரியும். அதுவும் அவருக்குப் பழகிவிட்டது.

போன வாரம் அவளுக்குச் சளி, இருமல். கடையில் நல்ல கூட்டம். அவளும் கூட்டத்தோடு நின்று, "எனக்கும் ஏதாவது குடுங்க" என்றாள். கை மூன்றாவது தட்டுக்குப் போனது. அட்டையைக் கிழித்து நீட்டினார். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அடுத்து யாருங்க?" முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாவி மனிதர்.

மறுநாள் சாயங்காலம் எண்ணும்போது பதினொன்றிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. ஓடிப்போய் அலமாரிக் கதவைத் திறந்தார். பட்டியலில் அந்த மருந்து நான்காவது வரியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "புதுசா ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

இருபது வருடம் ஊருக்கே மருந்து சொன்னவர், கொழுந்தியாள் பக்கத்தில் நிற்கும்போது வேறு எப்படிச் சொல்வார்? பாழாய்ப்போன மானம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வராந்தாவுக்குப் போனார். அதற்குள் கொழுந்தியாள் அக்காவின் பையில் மிச்சமிருந்த மாத்திரையைப் பார்த்து, மாமா கொடுத்ததுதானே என்று ஊட்டிவிட்டாள். அக்காவும் கஷ்டப்பட்டு விழுங்கினாள். விடிவதற்குள் தொண்டையில் குழாய் இறங்கியது.

அப்புறம்தான் உண்மையைச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

இன்று மதியம் அவரை உள்ளே விட்டார்கள். இமை மூடிக் கிடந்தாள். நர்ஸ் குனிந்து, "வலி இல்லைன்னா விரலை அசைங்கம்மா" என்றாள். ஆள்காட்டி விரல் மெல்ல அசைந்தது.

"எல்லாம் கேக்குது சார். கண்ணைத் திறக்கத்தான் முடியலை. பேசுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

அவர் அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னார். மூன்றாவது தட்டு, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். கடைசியில் அவள் கையருகே குனிந்தார்.

"எம்மேல கோவமா? இல்லைன்னா விரலை அசை."

விரல் கிடந்தபடியே கிடந்தது.

இன்னொரு தடவை கேட்டார். நர்ஸுக்காக அசைத்ததிலேயே இருந்த தெம்பெல்லாம் தீர்ந்துவிட்டதா, இல்லை, இவருக்காக அசைக்க மனம் வரவில்லையா? அதை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது? இயந்திரம் பாட்டுக்கு அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவைம்மா," என்று கெஞ்சினார். "மனசு வெச்சா முடியும்."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.