எழுந்து நின்ற அப்பா

நேற்று வரை நான் தூக்கி உட்கார வைத்த அப்பா, அவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று சோதிக்க நகராட்சியிலிருந்து நாகதானி என்ற பெண் வந்ததும் தானாகவே எழுந்து நின்றார். தொண்ணூற்று மூன்று வயது. வெளியாள் முன்னால் மானம் போகக் கூடாதென்று காலையிலேயே தனக்குச் சவரம் செய்துவிடும்படி என்னிடம் சொல்லி, டை கட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் இன்றைய தேதியைச் சரியாகச் சொன்னார்.

"சட்டைப் பொத்தான் யாரு போட்டு விடறாங்க ஐயா?"

"நானேதான்."

பச்சைப் பொய். நாகதானி படிவத்தில் 'தானே செய்கிறார்' என்பதில் வட்டம் போட்டாள்.

"ஐயா நல்லாத்தான் இருக்காரும்மா. உதவிக்கு வர்ற பொண்ணு இனி வாரத்துல ஒரு நாள்தான் வரும். ஜப்பான்லயே நம்ம அகிதா மாகாணத்துலதான் வயசானவங்க அதிகம். பார்த்துக்க ஆளு எங்க இருக்கு?"

"இவரப் பார்த்துக்கிற எனக்கே எழுபத்தொண்ணு. அத எங்க எழுதினே?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

நான் போய் அப்பாவின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப இன்னொரு படிவம் எடு. பேரு சுமியே. என்னால எந்திரிக்க முடியாது. அவருதான் நல்லா இருக்காரே, இனிமே அவரே என்னப் பார்த்துக்கட்டும்."

அப்பாவின் கால்கள் நடுங்கின. நான் அசையவில்லை. நாகதானிதான் பாய்ந்து போய் அவரைத் தாங்கினாள்.

"அப்படியே பிடிச்சுக்கிட்டு எழுதும்மா," என்றேன்.