நகவெட்டிக்கு விழுந்த ஓட்டு

ஜோதிலட்சுமி அப்பாவின் காதோரத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓட்டு எண்ணிக்கையில் பதினொன்றாவது சுற்று முடிந்தது. பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்திருந்தார்கள், அணைக்கவில்லை. சாவு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையும் ஜனநாயகத்துக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையும் அந்த அளவில் சமாதானமாகிப் போயிருந்தன.

வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் துக்கம் கேட்க வந்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது ஓட்டு முன்னால் என்றார் ஒருவர். இல்லை, அறுபது பின்னால் என்றார் இன்னொருவர். உள்ளே பெஞ்சில் கிடத்தியிருந்தவரும் அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளர் என்பது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சு. இசக்கிராஜா. வயது ஐம்பத்தெட்டு. சுயேச்சை. சின்னம் நகவெட்டி. குற்றாலம் மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிற தொழில். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். ஆட்டோ தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

அவர் வேட்பாளர் ஆனது அவருடைய பெயர் செய்த வேலை. பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளருக்கும் அதே பெயர். பெ. இசக்கிராஜா, சுவர்களில் ‘தென்பொதிகைச் சிங்கம்’. சிங்கத்தை நேருக்கு நேர் நின்று ஜெயிப்பது கஷ்டம் என்று கண்டுகொண்டார்கள் எதிர்த்து நின்ற டாக்டர் ஜஸ்டினின் ஆட்கள். ஜஸ்டின் எந்த நோய்க்கும் டாக்டர் அல்ல. எந்த நாட்டிலிருந்தோ தபாலில் வந்த பட்டம். அதே பெயரில் இன்னொரு ஆளை நிறுத்தினால், அவசரத்தில் நாலு பேர் பொத்தானை மாற்றிக் குத்துவார்கள். தொகுதி முழுக்கத் தேடி மூன்று இசக்கிராஜாக்களைப் பிடித்தார்கள். ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவருக்கு வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லை. மூன்றாமவர் அருவிக்கரையில் யாருடைய முதுகிலோ எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

டெபாசிட்டை அவர்களே கட்டினார்கள். அவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. சிங்கத்தைப் போல முறுக்கு மீசை வைத்துக்கொள்ள வேண்டும், மெஷினில் படம் வரும் அல்லவா. அப்புறம் தேர்தல் முடியும்வரை வாயைத் திறக்காமல் வீட்டில் கிடக்க வேண்டும்.

போட்டோ எடுக்கப் போகிற வழியில் இசக்கிராஜா சலூனுக்குள் நுழைந்து, இருந்த மீசையையும் வழித்துவிட்டுப் போனார்.

மறுநாளே சிப்ஸ் கடை யாக்கூபின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார். மலைக்கு ரோப் கார் வரும் என்று சிங்கம் முழங்கியது. தென்காசிக்கு விமானமே வரும் என்றார் டாக்டர். நகவெட்டியின் வாக்குறுதி ஒன்றே ஒன்று: அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்றுகிற அறைகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அதைக் கேட்டு ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

தென்காசியில் ஜோதி வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் எல்லாரும் அவளை நகவெட்டி மகள் என்று கூப்பிட ஆரம்பித்த அன்று, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள்.

“ஏம்ப்பா, உமக்கு இது தேவையா? பேருக்கு நில்லுன்னுதானே சொன்னாவ?”

“நின்னாச்சுல்லா மக்கா. நின்னுட்டு ஓட்டுக் கேக்காம வீட்டுல கெடந்தா அது என்ன மரியாதி?”

மதியம் முடிவு வந்தது. சிங்கம் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றுப்போயிருந்தது. நகவெட்டிக்கு விழுந்தது ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்றார்கள். டிவியில் சொச்சத்தைச் சொல்லுமுன் விளம்பரம் வந்துவிட்டது.

சற்று நேரத்தில் சிங்கத்தின் வக்கீல் கோமதிநாயகம் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார், கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைத் துடைத்தார். பிறகு ஜோதியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டுப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனை வெளியே எடுத்தார். வழக்குப் போடப் போகிறார்களாம். அப்பாவை டாக்டர் ஆட்கள்தான் ஏமாற்றி நிறுத்தினார்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் செல்போனைப் பார்த்து ஒரு நிமிடம் பேசினால் போதும்.

“அவரு பாவம், டம்மி வேட்பாளர்தானம்மா. அவருக்கு விழுந்த ஓட்டு பூராவும் எங்களுது. ஜனங்க தெரியாமக் குத்திட்டாவ.”

ஜோதி திரும்பி, கதவு வழியாகத் தெரிந்த அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“எங்க தெரு பூத்துல எத்தனை விழுந்திச்சு?”

வக்கீல் தயங்கினார். அவருடைய ஆட்கள் மெஷின் மெஷினாக எழுதி அனுப்பியதெல்லாம் கையில்தான் இருந்தது. செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, எழுபத்து மூன்று என்றார்.

“இந்தத் தெருவுல எங்கப்பாவைத் தெரியாத ஆளு உண்டா? உங்க ஆளைத் தெரியாதவுகதான் உண்டா? எழுபத்து மூணு பேருக்கும் அன்னைக்குன்னு கண்ணு தெரியலையோ?”

“அது உள்ளூர்ப் பாசம்மா. விட்டுத் தள்ளு. மத்தது எல்லாம் எங்களுதுதான்.”

“மத்த ஊருக்கும் மொபெட்டுல போயி கேட்டாரு. வெயில்ல. நீங்க வேணா கோர்ட்டுக்குப் போங்க. எங்கப்பா ஓட்டை அவருகிட்ட இருந்து புடுங்கித் தரதுக்கு நான் வர மாட்டேன்.”

வக்கீல் போகும்போது காபி குடிக்கவில்லை. அது ஒரு கண்டனமாக இருக்கலாம்.

புளியறையிலிருந்து அத்தை வந்து இறங்கியதும் தூக்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது டாக்டரின் ஆள் கிங்ஸ்லி வந்தான். நெற்றியிலும் காதிலும் வெற்றியின் குங்குமப்பொடி. வாசலில் நின்று அவசரமாகத் துடைத்தும் முழுக்கப் போகவில்லை. கையில் கட்சிக் கரை போட்ட சால்வை. முதலில், அண்ணாச்சி புண்ணியத்தில்தான் ஜெயித்தோம் என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான். அடுத்து, விஷயத்துக்கு வந்தான். வெற்றி ஊர்வலம் தென்காசியிலிருந்து கிளம்பிவிட்டது. டாக்டர் நேராகக் குற்றாலநாதர் கோயிலுக்குத்தான் வருகிறார். அவர் எல்லாச் சாமிக்கும் பொதுவானவர். கடைத்தெருவில் ஜீப்புக்கு எதிரே பாடை வந்தால் நன்றாக இருக்காது. சேனல்காரர்களும் கூடவே வருகிறார்கள்.

“வாய்க்கா வழியா எடுத்துட்டுப் போயிரலாமே தங்கச்சி. எல்லாருக்கும் சௌரியம்.”

வாய்க்கால் வழி என்பது முள்ளும் சாக்கடையுமான ஒற்றையடிப் பாதை. செத்த நாயை அந்த வழியாகத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள்.

“எங்கப்பா ரோட்டு வழியா போயித்தான் ஓட்டுக் கேட்டாரு. ரோட்டு வழியாத்தான் போவாரு.”

“என்னத்துக்கு இப்பிடிப் பேசுத? அவரை நிப்பாட்டுனதே நாங்கதானே?”

“நிப்பாட்டுனது நீங்க. நின்னது அவரு.” சால்வையை அவன் விரிக்கப் போவதைப் பார்த்தாள். “அதைக் கையிலயே வச்சுக்கிடுங்க அண்ணே. அவரு சுயேச்சை.”

கிங்ஸ்லி ஊர்ப் பெரியவர்கள் பக்கம் திரும்பினான். அவர்களும் வாய்க்கால் வழி அப்படி ஒன்றும் மோசமில்லை என்று தொண்டையைச் செருமினார்கள். நாளைக்குப் பட்டா, பென்சன் என்று டாக்டரிடம்தானே போய் நிற்க வேண்டும். யாக்கூப் மட்டும் பாடையின் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

காலையிலிருந்து தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்த சந்தனமாரி, புருஷனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“ரோட்டு வழியா தூக்குங்க.”

தூக்கினார்கள்.

கடைத்தெரு முக்கு வரைக்கும்தான் பெண்கள் போவார்கள். அங்கே மூன்று தரம் சுற்றி விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அவர்கள் முக்கை நெருங்கும்போதே எதிர்ப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. வளைவில் ஜீப் தெரிந்தது. ஆளுயர ரோஜா மாலைக்குள் டாக்டர் ஜஸ்டின். பின்னால் கார், வேன், அதற்குப் பின்னாலும் கார். கடைத்தெருவில் இரண்டு பக்கமும் பழக்கடைகளின் தள்ளுவண்டிகள். ஒன்று போனால் ஒன்று ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் இல்லை.

கிங்ஸ்லி ஓடி வந்து, கொஞ்சம் பின்னால் போங்கள் என்று கையை ஆட்டினான். தூக்கி வந்தவர்களின் நடை தளர்ந்தது. பெண்கள் முக்கில் நின்றுவிட்டார்கள். ஜோதி நிற்கவில்லை. அத்தை, ஏட்டி, ஏட்டி என்று முந்தானையை எட்டிப் பிடித்தாள்; அது கைக்கு வரவில்லை. ஜோதி பாடையைத் தாண்டி முன்னால் போய், ஜீப்பின் மூக்குக்கு நாலடி தள்ளி, சும்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் யாக்கூபும் நின்றார். பாடையைத் தூக்கிய மற்ற மூன்று பேரும் நிற்க வேண்டியதாயிற்று.

டாக்டரின் செண்டை மேளம் ஓய்ந்தது. இசக்கிராஜாவின் சாவுக்கொட்டு ஓயவில்லை.

பழக்கடைகளுக்குப் பின்னாலிருந்து பெண்கள் எழுந்து நின்றார்கள். சேனல்காரர் ஒருவர் கேமராவை உயர்த்தினார். டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மாதமாகப் பழகிய கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன, ஓட்டுக் கேட்கிற மாதிரியே. குனிந்து டிரைவரிடம் ஏதோ சொன்னார்.

கடைசியில் நின்ற கார் முதலில் பின்னால் நகர்ந்தது. அப்புறம் வேன். அதற்கு முன்னால் இருந்த கார் ஒரு தள்ளுவண்டியை உரசி, திட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தது. எல்லாம் போன பிறகு ஜீப் ரிவர்ஸில் கீச்கீச்சென்று கத்தியபடி மெதுவாகப் பின்னால் போனது. பாடை ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தது. கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் டாக்டரால் கையை இறக்கவும் முடியவில்லை, திரும்பிக்கொள்ளவும் முடியவில்லை. கூப்பிய கையோடு, மாலை காற்றில் ஆட, பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார், வளைவு வரைக்கும்.