மரங்கொத்தி யாருக்கு

வெதுவெதுப்பான தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, அவள் அந்தப் படத் தபால் அட்டையை மெதுவாக அமுக்கி மூழ்க வைத்தாள். கூடத்தில் அவள் கணவரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

"அண்ணி, எல்லாரும் காத்துட்டிருக்காங்க. இங்க என்ன பண்றீங்க?" கொழுந்தன் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஸ்டாம்ப எடுக்கிறேன், தம்பி."

அவன் திரும்பிப் போய்விட்டான். துக்கத்தில் அண்ணிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அட்டை மகளிடமிருந்து வந்தது. கப்பலில் சமையல் வேலை பார்க்கிறாள். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓர் அட்டை போட்டுவிடுவாள். இன்றைக்கு அவளால் வர முடியாது, நடுக்கடலில் இருக்கிறாள். போனில் அழுதது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அட்டை வந்தால் கூடவே சண்டையும் வரும். அவருக்குத் தபால்தலைப் பித்து, இவளுக்குப் பட அட்டைப் பித்து. தபால்தலையை ஊறவைத்து எடுத்தால் அட்டை பாழ். அட்டையைக் காப்பாற்றினால் தபால்தலை அவருக்கு இல்லை. கடைசியில் முறை வைத்துக்கொண்டார்கள், ஓர் அட்டை அவருக்கு, அடுத்தது இவளுக்கு. மகள் பாவம் பார்த்து ஒரு தடவை ஒரே ஊரிலிருந்து இரண்டு அட்டை அனுப்பினாள். 'சண்டை போட வழியில்லாம பண்ணிட்டாளே' என்று இரண்டு பேருக்குமே மனக்குறை.

நேற்று வந்தது இவள் முறை. படுக்கையில் சாய்ந்தபடி அவர், கைக்கடிகாரம் பழுதுபார்த்த காலத்து லென்ஸை வைத்து அதன் தபால்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்புக் கொண்டை மரங்கொத்தி.

"இந்த ஒரு தடவ விட்டுக்குடேன்."

"அதெல்லாம் முடியாது. முறைன்னா முறை."

"கல்நெஞ்சக்காரி," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். காலையில் தேநீரோடு போய் எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

கொடுத்திருக்கலாம். வேறொன்றும் கேட்கவில்லையே மனுஷன். போகும்போது அது அவர் சட்டைப்பையில் இருந்தாக வேண்டும்.

தபால்தலையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. அவசரப்பட்டு இழுத்து, ஓரத்தில் ஒரு பல் பிய்ந்தாலும் அவருக்கு ஆகாது. காத்திருந்தாள். மகளின் எழுத்து நீலமாகக் கரைந்து தண்ணீரில் பரவியது. 'அப்பா அம்மாவுக்கு' என்பது மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போனது. மறுபக்கத்துப் படத்திலிருந்த கலங்கரை விளக்கமும் இந்நேரம் உப்பிப் போயிருக்கும். ஆனாலும் அட்டையை வெளியே எடுக்கவில்லை.

கொழுந்தன் மறுபடி வந்தான். "வண்டிக்காரர் அவசரப்படுறார், அண்ணி."

"நேத்து உங்க அண்ணன் இதைக் கேட்டார். நான் தரல."

அவன் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய், "கொஞ்சம் பொறுங்க, ஒரு வேலை பாக்கியிருக்கு," என்று சொல்வது கேட்டது.

மரங்கொத்தி தானாக வழுக்கி விலகியது. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஆட்கள் வழிவிட்டார்கள்.

"ஈரத்தோட வெச்சா சுருண்டுக்கும்," என்றாள் பொதுவாக. ஒரு துண்டை மடித்து அவர் பக்கத்தில் விரித்து, தபால்தலையை அதன்மேல் வைத்தாள். காயத் தொடங்கிய ஒரு மூலை காற்றில் படபடத்தது.

கொழுந்தன் போய் மின்விசிறியை நிறுத்தினான். நல்ல வெயில் நேரம், கூடம் நிறைய ஆட்கள். வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள். ஒருவரும் கையால்கூட விசிறிக்கொள்ளவில்லை.